புகைக்குள் பார்த்த முதுகு

மார்ச் நான்காம் தேதி பாதுகாப்பு நாள். ஆம்பூருக்கு வெளியே நெடுஞ்சாலையை ஒட்டியிருந்த அந்த ஷூ கம்பெனியில் அன்றைக்கு மதியம் அரை மணி நேரம் மெஷின்கள் நிற்கும். தையல் கூடத்தின் நடுவில் நாற்காலிகளைப் போட்டு, புதிதாகச் சேர்ந்த பெண்களை முன்வரிசையில் உட்காரவைத்து, அமிர்தவள்ளியின் கையில் மைக்கைக் கொடுப்பார்கள். பத்து வருஷமாக அதுதான் வழக்கம். தீப்பிடித்த அன்று என்ன நடந்தது என்று அவள் சொல்வாள்.

"பசங்களா, சொல்யூஷன் ரூம்ல இருந்து குபுகுபுன்னு புகை வந்துச்சு. எல்லாரும் மேக்கால வாசலுக்கு ஓடுறாங்க. என் பக்கத்து மெஷின்ல கிறிஸ்டினா. அவ துப்பட்டா மெஷின் பெல்ட்ல சிக்கினு வரல. ஒரு ஆம்பள எங்கள பாத்தாரு. உதவி செய்ய வேண்டியவரு. பாத்துட்டுத் திரும்பி ஓடிட்டாரு. அவரு முதுகு இன்னும் என் கண்ணுலயே நிக்குது. நீல சட்ட, பின்பாக்கெட்ல மஞ்சக் கைப்பிடி டெஸ்டர். நான் அவ கையப் புடிச்சேன், இழுத்துக்குனு வந்துட்டேன்."

அந்த ஆம்பளையின் பெயரை அவள் மேடையில் சொன்னதில்லை. சொல்லத் தேவையும் இல்லை. பழைய ஆட்கள் எல்லோருக்கும் தெரியும், எலக்ட்ரீஷியன் நிசார் அஹமது. விசாரணை முடிந்ததும் அவரே வேலையை விடுவதாக எழுதிக்கொடுத்துவிட்டுப் போனதாகக் கணக்கு. அமிர்தவள்ளிக்கு ஷீல்டு கொடுத்தார்கள், பேப்பரில் படம் வந்தது, அடுத்த வருஷம் லைன் சூப்பர்வைசர் ஆனாள். எல்லாம் நடந்து பதினோரு வருஷம்.

இந்த வருஷம் பாதுகாப்பு நாளுக்கு எட்டு நாள் இருக்கும்போது, சேஃப்டி ஆபீசர் ஹேமந்த் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டான். ஓசூரிலிருந்து வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. எதையும் புதுசாகச் செய்ய ஆசைப்படுகிறவன்.

"மேடம், ஒரு நல்ல விஷயம். அன்னிக்கி கேமரால பதிவானது கெடச்சிருக்கு. இன்ஷூரன்ஸ்காரங்க அப்பவே எடுத்துனு போய்ட்டாங்களாம். சென்னை ஆபீஸ்ல பழைய ஃபைலோட இவ்ளோ நாளா தூங்கினு இருந்துச்சு. நீங்க பேசும்போது பின்னாடி இத ஓட்டலாம்னு பாக்குறேன். ஒரே புகையா இருக்கு. எது நீங்க, எது கிறிஸ்டினான்னு சொன்னீங்கன்னா அந்த எடத்துல நிறுத்திக் காட்டலாம்."

அமிர்தவள்ளிக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நாற்காலியை இழுத்துப்போட்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

சத்தமில்லாத படம். மேல் மூலையில் மணி ஓடிக்கொண்டிருந்தது, மூன்று பன்னிரண்டு. படத்தின் வலது ஓரத்தில், ஷூ ஒட்டும் பசை வைத்திருக்கும் சொல்யூஷன் அறையின் கதவு, இடது ஓரத்தில் மேற்கு வாசல். வலப்பக்கத்திலிருந்து வெள்ளையாகப் புகை வந்தது. வரிசை வரிசையாகப் பெண்கள் எழுந்து இடப்பக்கம் ஓடினார்கள்.

"இதோ, இது நான் சார். பச்சைப் பொடவ. பக்கத்துல ஒக்காந்துனு துப்பட்டாவ இழுக்குறா பாருங்க, அதான் கிறிஸ்டி."

பச்சைப் புடவை குனிந்தது. கிறிஸ்டினா இரண்டு கைகளாலும் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். பச்சைப் புடவை கையை உதறியது. பிடி விடவில்லை. இன்னொரு முறை, உடம்பையே பின்னால் சாய்த்து உதறியது. கை விடுபட்டது. பச்சைப் புடவை இடப்பக்கம் ஓடியது.

அமிர்தவள்ளி திரைக்குப் பக்கத்தில் குனிந்தாள். படம் ஓடிக்கொண்டிருந்தது.

கூட்டத்துக்கு எதிர்த்திசையில், இடப்பக்கத்திலிருந்து ஒரு நீலச் சட்டை உள்ளே வந்தது. வாசலருகே போய்விட்ட பச்சைப் புடவை ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தது. அந்த நேரத்தில் நீலச் சட்டையின் முதுகு நன்றாகத் தெரிந்தது. பின்பாக்கெட்டில் மஞ்சளாக ஏதோ துருத்திக்கொண்டிருந்தது. அந்த முதுகு ஓடிக்கொண்டிருந்தது, புகையைப் பார்த்து. மெயின் சுவிட்ச் அந்தப் பக்கம்தான். சில நொடிகளில் விளக்கெல்லாம் அணைந்தது. கேமரா மட்டும் பேட்டரியில் ஓடியது. ஜன்னல் வெளிச்சத்தில் எல்லாம் சாம்பல் நிறமாகத் தெரிந்தது.

ஐம்பது நொடி கழித்து, பின்பாக்கெட்டில் அதே டெஸ்டர் துருத்திக்கொண்டிருக்க, குனிந்த ஒரு உருவம் புகைக்குள்ளிருந்து பின்னோக்கி நடந்து வந்தது. அக்குளில் கைகொடுத்து ஒரு பெண்ணைத் தரையோடு இழுத்துக்கொண்டு வந்தது. வாசலுக்கு நாலடி இருக்கும்போது வெளியே வாசல் வெளிச்சத்தில் நின்ற பச்சைப் புடவை கை நீட்டி, அந்தப் பெண்ணின் இரண்டு கைகளையும் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டது. குனிந்த உருவம் மூச்சு வாங்கியது. பிறகு யாராவது மிச்சம் இருக்கிறார்களா என்று பார்ப்பது போல மறுபடி உள்ளே திரும்பியது. அதற்கப்புறம் கேமராவைப் புகை மூடிவிட்டது.

"இன்னொரு தரம் போடுங்க சார்," என்றாள்.

மூன்று தரம் போட்டான். மூன்றாவது தரம் முடியும்போது ஹேமந்துக்கும் புரிந்துவிட்டது. மேஜைமேல் இருந்த பேனாக்களை ஒழுங்காக அடுக்க ஆரம்பித்தான்.

"போட வேணாமா மேடம்?"

"வேணாம் சார். பாத்தா புதுப் புள்ளைங்க பயந்துக்கும்."

"சரிங்க மேடம்." அவள் முகத்தைப் பார்க்காமலேயே சொன்னான். அவள் எழுந்து வெளியே வரும்வரை அவன் நிமிரவில்லை. தன்னைவிட இருபது வயது சின்னவன் தனக்காகக் கூச்சப்படுகிறான் என்பது அவளுக்குத் தாங்கமுடியாததாக இருந்தது.

அன்றைக்கு மதியச் சாப்பாட்டுக்குக் கிறிஸ்டினா வழக்கம்போலப் பேக்கிங் பிரிவிலிருந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். இடதுகை தோள்வரை தோல் சுருங்கிப் பளபளப்பாக இருக்கும். இரண்டு விரல் மடங்காது. அதனால் தைக்க முடியாமல்போய்ப் பெட்டிகளுக்கு டேப் ஒட்டுகிற வேலையில் இருந்தாள். தன் டப்பாவிலிருந்த மீன் துண்டில் பெரியதை எடுத்து அமிர்தவள்ளியின் டப்பாவில் வைத்தாள். தினமும் செய்வதுதான். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் முதல் கேக் அமிர்தா அக்கா வீட்டுக்குத்தான் போகும். மகன் ஆல்வினுக்குக் காதுகுத்தும்போது, அக்கா மடியில்தான் உட்காரவைக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் அவள்.

"இன்னாக்கா, துன்னாம ஒக்காந்துனு இருக்க?"

"வவுறு சரியில்ல கிறிஸ்டி."

மீன் அப்படியே இருந்தது. கடைசியில் மூடி எடுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் கொட்டினாள்.

வீட்டில் டிவிக்கு மேலே அந்த ஷீல்டு இருந்தது. அதை எடுத்துப் பீரோவுக்குள் புடவைகளுக்கு அடியில் வைத்தாள். கணவன் காசிநாதன் ராத்திரிச் சாப்பாட்டின்போது கவனித்துவிட்டுக் கேட்டான். அவனிடம் சொன்னாள். சொல்லி முடிக்கிறவரை தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காசிநாதன் கொஞ்ச நேரம் மென்றான். "அந்த ஆளு எப்பவோ போய்ட்டாரு. எங்கயோ நல்லாதான் இருப்பாரு. அந்தப் பையனும் போடலன்னு சொல்ட்டான் இல்ல? இப்ப எதுக்குக் கெளறிக்கினு. பேஜாரா பூடும்."

அவன் கெட்டவன் இல்லை. அவள் மனசில் ஓடியதைத்தான் வாய்விட்டுச் சொன்னான். அதனாலேயே அவளுக்கு அவன்மேல் கோபம் வந்தது.

அந்த வாரம் முழுக்க ஒன்றையே முயன்றுகொண்டிருந்தாள். கையை உதறியதை ஞாபகத்துக்குக் கொண்டுவரப் பார்த்தாள். பஸ்ஸில், மெஷின் வரிசைகளுக்கு நடுவில் நடக்கும்போது, துணி துவைக்கும்போது, கண்ணை மூடி மூடிப் பார்த்தாள். வரவில்லை. புகையின் வாடை வந்தது, நாக்கில் பட்ட கசப்பு வந்தது, நீலச் சட்டை வந்தது, டெஸ்டரின் மஞ்சள் நிறம்கூட நேற்றுப் பார்த்ததுபோல வந்தது. கிறிஸ்டினாவின் கைகள் தன் கைக்குள் இருந்த சூடு வந்தது. நடுவில் இருந்த அந்த இரண்டு உதறலும் வரவில்லை. அங்கே அவள் கிறிஸ்டினாவை இழுத்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தாள், அத்தனை தெளிவாக.

வேறொன்று வந்தது. விபத்து நடந்த அன்று சாயங்காலம், ஆஸ்பத்திரி வராந்தாவில் கிறிஸ்டினாவின் அம்மா முத்துமாரி அவள் காலைக் கட்டிக்கொண்டு அழுதது. "எம் பொண்ண நீதான்மா இழுத்தாந்தியாமே." அதற்கு அவள் என்ன பதில் சொன்னாள்? ஏதோ சொல்ல வாயைத் திறந்த மாதிரி இருந்தது. சொல்லாமல் அந்த அம்மாளைத் தூக்கி நிறுத்தியது ஞாபகம் இருந்தது. திறந்த வாயில் என்ன இருந்தது என்று மட்டும் தெரியவில்லை. ஒருவேளை "நான் இல்லம்மா" என்று இருந்திருக்குமோ? அப்படியானால் அன்றைக்கு அவளுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துதான் நாலு நாள் கழித்து விசாரணையில் "அவரு ஓடிட்டாரு சார்" என்றாளா? இல்லை, இதுவும் இந்த வாரம் அவளாக உண்டாக்கிக்கொண்டதா? பொய் சொன்னோமா, மறந்தோமா என்று தனக்கே தெரியாத அந்த இடத்துக்கு வந்து வந்து நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், வேலூரில் அக்காவைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். வேலூரில் இறங்கி ஆற்காடு பஸ் பிடித்து மேல்விஷாரத்தில் இறங்கினாள். நிசார் பாய் அங்கே மோட்டார்களுக்குக் கம்பிக் காயில் கட்டுகிறார் என்று பழைய ஆட்கள் யாரோ எப்போதோ சொன்னது. மூன்று பேரைக் கேட்டதில் கடை கிடைத்துவிட்டது. வீட்டின் முன்னறைதான் கடை. பழைய ஃபேன்களும் தண்ணீர் மோட்டார்களும் சுவரோரம் குவிந்திருந்தன. நடுவில் சின்ன ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு மோட்டாருக்குள் செம்புக்கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தார். தாடி முழுசாக நரைத்திருந்தது.

நிமிர்ந்து பார்த்தார். உடனே அடையாளம் தெரிந்துவிட்டது. எழுந்து நின்றார்.

"வாங்க அமிர்தம்மா. ஒக்காருங்க. தபஸ்ஸும், ஒரு சேர் எடுத்தா. டீ போடு."

உள்ளே இருந்து அவர் மகள் நாற்காலி கொண்டுவந்து போட்டாள். இருபத்திரண்டு வயது இருக்கும். விருந்தாளி யார் என்று தெரிந்ததும் அவள் முகம் இறுகியது. உள்ளே போகாமல் கதவோரமே நின்றாள்.

அமிர்தவள்ளி உட்காரவில்லை. "பாய், நான் உங்களுக்கு ஒரு துரோகம் பண்ணிட்டேன்."

"பழசெல்லாம் எதுக்கும்மா இப்ப," என்றார் அவர். "நீங்க கண்ணால பாத்தத சொன்னீங்க. தப்பு என்மேலதானே."

"இல்ல பாய். கேமரா படம் கெடச்சிருக்கு. நான் பாத்துட்டேன். நீங்க ஓடல."

அவர் சங்கடமாகச் சிரித்தார், தனக்குச் சேராத ஒன்றைக் கொடுக்கவந்தவர்களைப் பார்த்துச் சிரிப்பதுபோல.

"நான் ஓடினேம்மா. எனக்கே நல்லா ஞாபகம் இருக்கு. மூச்சு முட்டுது. பின்பக்கக் கதவுல இடிச்சிக்கினு வெளிய வந்து, காம்பவுண்ட் செவுத்தாண்ட விழுந்து வாந்தி எடுத்தேன். எல்லாரும் அங்கதானே என்ன பாத்தாங்க."

"அதுக்கு முன்னாடி? மெயின ஆஃப் பண்ணீங்களே."

"மொதல்ல நானும் அப்டிதான் சொன்னேன், விசாரணைல. நடுவுல இன்னா பண்ணன்னு கேட்டாங்க. எனக்குத் தெரியல. தெரியலன்னா இன்னா அர்த்தம்? யோசிச்சி யோசிச்சி பாத்தேன். அந்த சுவிட்ச் ரூம்ல போய் ஒளிஞ்சிக்கினு இருந்திருக்கேன், அப்புறம் ஓடியிருக்கேன். இப்ப நெனச்சா ஒளிஞ்சிக்கினு இருந்ததே தெரியுது, செவுத்துல ஒண்டிக்கினு." அவர் கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்தார். "ஒரு கனவு மட்டும் வந்துனே இருக்கும். ஒரு மூட்டைய இழுத்துனு வர்ற மாதிரி. பயங்கர கனம். எங்கயோ அத போட்டுடுவேன். எங்க போட்டேன்னு தெரியாம திடுக்குன்னு எழுந்திருப்பேன்."

அமிர்தவள்ளி ஓரடி முன்னால் வந்தாள். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"அது மூட்ட இல்ல பாய். கிறிஸ்டினா. நீங்கதான் அவள வாசல் வரைக்கும் இழுத்தாந்தீங்க. கடைசி நாலடி மட்டும்தான் நான். அவ என் கையப் புடிச்சப்ப நான் உதறிட்டு ஓடிட்டேன். ஓடினது நான்தான்."

தெருவில் ஒரு ஆட்டோ போனது. நிசார் ஸ்டூலில் உட்கார்ந்தார். கம்பியை மறுபடி எடுத்து இரண்டு சுற்றுச் சுற்றினார். பிறகு கேட்டார், "அந்தப் பொண்ணு கை இப்ப எப்டி இருக்கு?"

"ரெண்டு வெரல் மடங்காது பாய்."

"ரெண்டு வெரலா," என்றார் மெதுவாக.

தபஸ்ஸும் பேச ஆரம்பித்தாள். குரலை உயர்த்தவில்லை.

"அப்ப நான் ஆறாங்கிளாஸ் ஆன்ட்டி. பக்கத்துல ஒக்காந்திருந்த பொண்ணு கேட்டா, உங்கப்பா பொம்பளைங்கள உட்டுட்டு ஓடிவந்துட்டாராமேன்னு. வீட்ல வந்து கேட்டேன். ஆமான்னு சொன்னாரு. அன்னில இருந்து வெள்ளிக்கெழம ஜுமா தொழுகைக்குப் போனாகூடப் பின்வரிசைலதான் நிப்பாரு. யார் வீட்டு விசேஷத்துலயும் ஒரு வார்த்த பேசமாட்டாரு. நான் சைக்காலஜி எடுத்துப் படிக்கிறதே இவர புரிஞ்சிக்கலாம்னுதான்."

"தபஸ்ஸும்," என்றார் அப்பா.

"இருங்கப்பா. அவங்க பொய் சொன்னாங்கன்னு நான் சொல்லல. ரொம்ப பயம் வந்தா மூளைக்குள்ள ஒரு சின்ன எடம், பாதாம்பருப்பு மாதிரி இருக்கும், அது அலாரம் அடிக்கும். அப்ப எது பளிச்சுன்னு கண்ணுல படுதோ அது ஆழமா எறங்கிடும். ஒரு வாட, ஒரு கலர், ஒரு முதுகு. சுத்தி நடந்தது, எது முன்னாடி எது பின்னாடி, எந்தப் பக்கம் போனாரு, இதெல்லாம் சரியா பதியாது. அந்த ஓட்டைய அப்புறம் நாமளேதான் அடைக்கிறோம், நம்மால தாங்க முடியிற மாதிரி. அத திரும்பத் திரும்ப வெளிய எடுத்து சொல்லும்போது, சொன்னதுதான் மறுபடி உள்ள போய் ஒக்காருது. நீங்க பத்து வருஷமா மைக்குல சொல்றீங்க. அப்பாவுக்கு ஊரே சொல்லிச்சு. ரெண்டு பேருக்கும் அதே கததான் ஞாபகமாயிடுச்சு. அவருக்கு வெக்கம், உங்களுக்கு ஷீல்டு."

அமிர்தவள்ளிக்குள் ஏதோ லேசானது. கேட்டுவிட்டாள். "அப்ப நான் வேணும்னு சொல்லலதானேம்மா?"

தபஸ்ஸும் அவளை நேராகப் பார்த்தாள். "அத நான் எப்டி சொல்ல முடியும்? அது உங்களுக்கே தெரியாது ஆன்ட்டி. இனிமே தெரியப்போறதும் இல்ல."

பதினோரு வருஷம் தலைகுனிந்திருந்த ஒருவரின் வீட்டுக்கு வந்து, அவர் எதிரிலேயே தனக்கு மன்னிப்புச் சீட்டு கேட்டுவிட்டோம் என்று அப்போதுதான் அமிர்தவள்ளிக்கு உறைத்தது. காது மடல்வரை சுட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பாதுகாப்பு நாளுக்கு வரவேண்டும் என்று நிசாரைக் கேட்டாள். அந்தக் கம்பெனிக்குள் கால் வைக்கமாட்டேன் என்றார் அவர். கதவோரம் நின்றிருந்த தபஸ்ஸும், "வருவோம்," என்றாள்.

கிறிஸ்டினாவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. திங்கள் பகல் முழுக்கப் போனது, மறுநாள் செவ்வாய் பாதுகாப்பு நாள். திங்கள் சாயங்காலம் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும்போது, அவளைச் சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள். கையை உதறியதையும் சொன்னாள், இரண்டு தடவை என்பதையும் சொன்னாள்.

கிறிஸ்டினாவுக்கு அன்றைய தினம் துளிகூட ஞாபகமில்லை. காலையில் பஸ் ஏறியதும், மூன்று நாள் கழித்து ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும்தான் அவளுக்குத் தெரியும். நடுவில் இருந்ததெல்லாம் அமிர்தா அக்கா சொல்லித் தெரிந்துகொண்டது. அதையே தன் ஞாபகம்போல அவளும் நூறு பேரிடம் சொல்லியிருக்கிறாள்.

"நெசமாவா?" என்றாள்.

"நெசம்தான்."

"அன்னிக்கே தெரியுமா உனக்கு?"

"தெரியல கிறிஸ்டி. தெரிஞ்சிருந்துச்சா இல்லியான்னே எனக்குத் தெரியல."

கிறிஸ்டினா தன் இடதுகையை வலதுகையால் பிடித்துக்கொண்டாள். "தெனமும் ஜெபத்துல எங்கம்மாவுக்கு அடுத்து உன் பேருதாங்க்கா சொல்லுவேன்," என்றாள். அழவில்லை. பஸ் வந்தது. எப்போதும் இருவரும் ஒரே சீட்டில் உட்கார்வார்கள். அன்றைக்குக் கிறிஸ்டினா முன்னால் ஏறிப்போய் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் மதியம் நிசார் அஹமது மகளோடு வந்தார். கேட்டிலேயே ஹேமந்த் காத்திருந்தான். முந்தின நாள் அமிர்தவள்ளி அவனிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். அவன் மேலே கேட்டு அனுமதி வாங்கியிருந்தான். அதற்கு அவன் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும். கூடத்தில் போடுவதற்கு முன்னால், அவன் அறையில் நிசாருக்கும் மகளுக்கும் மட்டும் படத்தைக் காட்டினான். அமிர்தவள்ளி கதவுக்கு வெளியே நின்றாள்.

பாதி திறந்த கதவு வழியாக அவர் குரல் கேட்டது. "இது நான் இல்ல."

"நீங்கதாம்பா. டெஸ்டர பாருங்க."

"வேற யாரோம்மா."

மறுபடி ஓட்டினார்கள். மறுபடியும். பிறகு அவர் உருதுவில் மகளிடம் ஏதோ சொன்னார். தபஸ்ஸும் "ஆமாம்பா," என்றாள். மறுபடி அதையே சொன்னார். அவள் மறுபடி "ஆமாம்பா," என்றாள். அமிர்தவள்ளிக்கு உருது அரைகுறை. ஆனாலும் அவர் சொன்னது விளங்கியது. அப்படியென்றால் நான் ஓடவில்லைதானே என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

கூடத்தில் இருநூறு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மைக்கைக் கையில் வாங்கியதும் பழைய வார்த்தைகள் தானாக வாய்க்கு வந்தன. "பசங்களா, சொல்யூஷன் ரூம்ல இருந்து" என்று தொடங்கியும்விட்டாள். நிறுத்தினாள்.

"பத்து வருஷமா நான் இங்க நின்னு சொன்னது தப்பு," என்றாள். "ஒருத்தர் எங்கள உட்டுட்டு ஓடினாருன்னு சொன்னேன். அவரு ஓடல. உள்ள போனாரு. கரண்ட நிறுத்தினாரு. கிறிஸ்டினாவ இழுத்தாந்தாரு. அவ கைய உதறிட்டு ஓடினது நான். அவரு இங்க வந்திருக்காரு, பேரு நிசார் அஹமது. படத்த போட்றாங்க. நீங்களே பாத்துக்கங்க."

படம் ஓடியது. உதறுகிற இடம் வந்தபோது முன்வரிசையில் ஒரு பெண் "ஐய" என்று மெல்லச் சொன்னாள். அது கூடம் முழுக்கக் கேட்டது. அமிர்தவள்ளி மைக்கைப் பிடித்துக்கொண்டு, எல்லோரும் பார்க்கும்படி, படம் முடிகிறவரை நின்றாள். உட்காரச் சொல்லி ஹேமந்த் சைகை காட்டினான். உட்காரவில்லை.

படம் முடிந்ததும் யாரும் கைதட்டவில்லை, தட்டலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை. அப்போது கடைசி வரிசையிலிருந்து கிறிஸ்டினா எழுந்து வந்தாள். அமிர்தவள்ளியைத் தாண்டி, ஓரத்தில் நின்றுகொண்டிருந்த நிசாரிடம் போனாள். என்ன பேசுவதென்று தெரியாமல் தன் இடதுகையை அவர் முன்னால் நீட்டிக் காட்டினாள். அவர் அதைத் தொடவில்லை. குனிந்து, ரிப்பேருக்கு வந்த பொருளைப் பார்ப்பதுபோல உன்னிப்பாகப் பார்த்தார். "வலிக்குதாம்மா இன்னும்?" என்று கேட்டார். "குளிர்காலத்துல மட்டும் பாய்," என்றாள் அவள்.

ஒரு மாதம் கழித்துக் கம்பெனியிலிருந்து நிசாருக்குக் கடிதம் போனது, விசாரணைக் குறிப்பு திருத்தப்பட்டுவிட்டது என்று. வேலைக்கு வரச் சொன்னார்கள். அவர் வரவில்லை. கடிதத்தின் நகலைத் தபஸ்ஸும் எடுத்துக்கொண்டு சொந்தக்காரர்கள் வீடு வீடாகப் போய்க் காட்டினாள் என்று கேள்வி. அமிர்தவள்ளி சூப்பர்வைசர் வேலையை விட்டுவிடுவதாக எழுதிக்கொடுத்தாள். வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். லைனில் பெண்கள் அவள் சொன்ன வேலையைச் செய்தார்கள். அவள் நகர்ந்ததும் பேசிக்கொண்டார்கள். அது அவளுக்குத் தெரிந்தேயிருந்தது.

அவள் தலைக்குள் மட்டும் எதுவும் திருத்தப்படவில்லை. படத்தை எத்தனை தடவை நினைத்துப்பார்த்தாலும், கண்ணை மூடினால் வந்தது பழைய காட்சிதான். அங்கே அவள்தான் இழுத்துக்கொண்டு ஓடினாள். ஒவ்வொரு தடவையும், பிறகு, இல்லை என்று தானே தனக்குச் சொல்லிக்கொள்ளவேண்டியிருந்தது.

கிறிஸ்டினா வேலை விஷயம் தவிர எதுவும் பேசுவதில்லை. சாப்பாட்டுக்குப் பேக்கிங் பெண்களோடு உட்கார்ந்தாள். மே மாதக் கடைசியில் ஒருநாள், பெட்டி எண்ணிக்கை கேட்க அமிர்தவள்ளி அங்கே போனபோது, டேப் ஒட்டுவதை நிறுத்தாமல் கிறிஸ்டினா கேட்டாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு."

"அந்தப் படத்துல சத்தம் இல்ல. உன் கையப் புடிச்சேன்ல. அப்ப நான் ஏதாவது சொன்னேனா? ஆல்வின் அப்ப கைக்கொழந்த. அவன பாத்துக்கன்னு, இல்ல வேற ஏதாவது?"

அமிர்தவள்ளி கண்ணை மூடினாள். கிறிஸ்டினாவின் வாய் அசைவது தெரிந்தது. ஆல்வின் என்று அது சொல்வதுபோலவே இருந்தது. அவள் கேட்ட பிறகுதான் அப்படித் தெரிகிறது என்பதும் புரிந்தது.

"ஞாபகம் இல்ல கிறிஸ்டி," என்றாள்.

கிறிஸ்டினா அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "நானூத்திப் பத்து பொட்டிக்கா," என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டியை இழுத்துக்கொண்டாள்.